தட்டு வேறு, பிள்ளை வேறு

ஜனவரி 11

அக்காவுக்கு,

இங்கே நானும் அவரும் சுகம். உன் கைவிரல் வீக்கம் வடிந்ததா? "நலம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய் என்று தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

போனில் பேசியிருக்கலாம். போனில் நான் அழுவேன், நீ பேசாமல் இருப்பாய். லைன் போய்விட்டதோ என்று அழுகைக்கு நடுவில் நான் "ஹலோ, ஹலோ" என்று கத்த வேண்டும். கடிதம் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

நம் பிள்ளை மிளகுக்கு முட்டி வீக்கம் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்களே, அது முட்டியே இல்லையாம். வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்கு மேலே ஒரு கட்டி. அங்கிருந்து எலும்புக்கு இறங்கியிருக்கிறது. அதனால்தான் கால் வலி. நான் செருப்பு கடிக்கிறது என்று நினைத்து மூன்று ஜோடி மாற்றிப் போட்டேன். "செருப்புக் கடைக்காரி மகளுக்கே செருப்பு கடிக்குதா?" என்று கடையில் எல்லாரும் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன் அக்கா.

இது எங்கிருந்து வந்தது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "எங்கிருந்தும் வரலம்மா. வளர வேண்டிய செல்லுக்கு எப்ப நிறுத்தணும்னு தெரியாமப் போயிடுச்சு" என்றார். எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது. போன வருஷம் வந்திருந்தபோது சொன்னாயே, மூட்டு ஜவ்வில் கன்னாபின்னாவென்று பெருகுகிற செல்லை ஒரு மருந்து நிறுத்துகிறது, அதையே பிள்ளைகளின் புற்றுநோய்ச் செல் மேல் போட்டால் அதுவும் நிற்கிறது என்று. நீ அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. அதனால்தான் மறக்கவில்லை.

அந்த மருந்து எனக்கு வேண்டும். பொட்டலம் கட்டி அனுப்புவாயோ, கையில் எடுத்துக்கொண்டு வருவாயோ, அது உன் பாடு. விதிமுறை, அனுமதி என்று ஏதாவது சொல்வாய். சொல்லிவிட்டு அனுப்பு.

அவளுக்கு ஏழு வயதுதான் ஆகிறது.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தங்கை


ஜனவரி 20

வாயாடிக்கு,

நான் நலம். உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலை காரணமல்ல.

மருந்து அனுப்ப மாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்தால் அதுவரை நீ ஆசையோடு படிப்பாய்.

அது மருந்தே இல்லை. ஒரு வெள்ளைப் பொடி. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, எண்தான். மூட்டு வீங்கியவர்களுக்கு, மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய ஜவ்வில் செல்கள் அளவில்லாமல் பெருகி எலும்பையே அரிக்கும். அது புற்றுநோய் இல்லை, ஆனால் புற்றுநோயிடம் பாடம் படித்ததுபோல நடந்துகொள்ளும். அந்தப் பெருக்கத்தை இந்தப் பொடி நிறுத்துகிறது. பிள்ளைகளின் புற்றுநோய்ச் செல்களில் சிலவற்றையும் நிறுத்துகிறது. எல்லாம் உள்ளங்கை அகலத் தட்டில். ஒரு மனிதருக்கும் இதுவரை கொடுத்ததில்லை.

தட்டு வேறு, பிள்ளை வேறு. புதிதாகச் சேரும் மாணவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். தட்டில் எதை ஊற்றினாலும் புற்றுநோய் சாகும். உப்பைக் கொட்டினாலும் சாகும். மிளகு தட்டு இல்லை. அவளுக்கு எலும்பு நீள வேண்டும், ரத்தம் ஊற வேண்டும், குடலின் உட்தோல் சில நாளுக்கு ஒருமுறை புதிதாக வேண்டும். குழந்தை என்றாலே முழுக்க முழுக்க வளர்ச்சிதான். எந்த வளர்ச்சியை நிறுத்துவது, எதை விட்டுவைப்பது என்று இந்தப் பொடிக்குத் தெரியுமா என்பது எனக்கே தெரியாது.

உன் டாக்டர் சொல்லும் சிகிச்சையைச் செய். அதைப் பல பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

என்னால் செய்யக்கூடியது ஒன்றுதான். ஆபரேஷனில் எடுக்கும் கட்டியிலிருந்து ஒரு துண்டை எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல். நீங்கள் இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதைத் தட்டில் வைத்து, எது அதை நிறுத்துகிறது என்று பார்க்கிறேன். அதனால் மிளகுக்கு நன்மை வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொண்டாவது வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 21

வாயாடிக்கு,

நான் நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டி வந்தது.

மூன்று தட்டுகளில் வைத்து இதுவரை கவனித்தேன். வளரவில்லை.

உன் டாக்டருக்குத் தனியாக எழுதுகிறேன். இன்று நீளமாக எழுத முடியவில்லை. மிளகுக்கு என் முத்தம்.

அக்கா


மார்ச் 4

என் தங்கமான அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நிஜமாகவே சுகம்! உன்மேல் இருந்த கோபத்தில் நான் எழுதவே இல்லை. கையெழுத்தைப் போட்டு டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டு, இனி அக்காவோடு பேச்சே இல்லை என்று வீட்டில் அவரிடம் சொல்லியிருந்தேன். இப்போது என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்கிறேன்.

வளரவில்லை! அக்கா, அந்த ஒரு வார்த்தையை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. கடைப் போனில் அவருக்குப் படித்துக் காட்டினேன். லாரியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். நீ நீட்டி முழக்காமல் எழுதியதே எனக்குப் போதும். சந்தேகம் இருந்தால் நீ நாலு பக்கம் எழுதுவாய்.

மிளகு பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஆபரேஷன் முடிந்து இரண்டு தரம் மருந்து ஏற்றியதிலேயே வாயெல்லாம் புண். தண்ணீர் விழுங்கினால்கூட என் கையைக் கிள்ளுவாள். முடி மொத்தமும் கொட்டிவிட்டது. நான் பார்க்காதபோது தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவள், நான் பார்த்ததும், "அம்மா, கருப்புத் தோலு போயிடுச்சு. இப்ப நான் வெள்ளை மிளகு" என்றாள். அந்த வார்டே சிரித்தது.

மூன்றாவது ஊசி திங்கட்கிழமை என்றார்கள். டாக்டரம்மா விடுப்பில் போயிருக்கிறார். அங்கிருந்த சின்ன டாக்டரிடம், இப்போது வேண்டாம், பிள்ளை தேறட்டும் என்றேன்.

"நீங்களா முடிவெடுக்காதீங்கம்மா."

"நானா எடுக்கல தம்பி. எங்கக்கா பார்த்துட்டா. வளரலையாம்."

"யாரு உங்கக்கா?"

"உங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீ டாக்டர்களுக்குப் பாடம் எடுப்பதில்லை என்று தெரியும். அந்த நேரத்துக்கு வாயில் அதுதான் வந்தது.

நாளைக்கு அவர் லாரியிலேயே மூன்று பேரும் கிளம்புகிறோம். அவள் கடல் பார்த்ததில்லை. சரக்கு இறக்கும் இடத்திலெல்லாம் நின்று நிதானமாகப் போய் வருவோம். கடையில் சொல்லிவிட்டேன். போய்வந்து அளவுப் பலகையில் அவள் காலை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வருஷமாக ஒரே அளவில் நிற்கிறது. வருகிற பிள்ளைகளிடமெல்லாம் "வளர்ற கால், ஒரு விரல் விட்டு எடுங்க" என்று சொல்கிறவள் நான். இனி என் மகளுக்கும் சொல்வேன்.

உன் கையை என் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்,
வாயாடி


மார்ச் 12

வாயாடிக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கீழே வைத்துவிட்டு மிளகைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. மீதியை அங்கே உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

நான் எழுதிய "வளரவில்லை" என்பது நீ நினைத்தது அல்ல. ஆஸ்பத்திரி அனுப்பிய துண்டிலிருந்த செல்கள் வழியிலேயே செத்துவிட்டன. பெட்டி வெயிலில் எங்கேயோ கிடந்திருக்கிறது. உயிருள்ள செல் தட்டின் அடியைப் பிடித்துக்கொள்ளும். செத்தது மிதக்கும். எல்லாம் மிதந்தன. எதையும் சோதிக்க முடியவில்லை. எங்கள் ஆய்வகத்தில் "வளரவில்லை" என்றால் வேலை வீணாகிவிட்டது என்று பொருள். வளர்ந்தால்தான் கைதட்டுவோம். இத்தனை வருஷமாக அப்படிப் பேசிப் பேசி, அந்த வார்த்தையை உன் வீட்டில் எப்படிப் படிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மிளகின் உடம்பில் இருப்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது.

உன் கடைக்குப் போன் செய்தேன். "அவங்க லீவுல இருக்காங்க மேடம், வீட்டுக்காரரோட லாரியில போயிருக்காங்க. எங்கேன்னு சொல்லல" என்றாள் ஒரு பெண். ஆஸ்பத்திரிக்கும் போன் செய்தேன். அவர்களும் உன்னைத் தேடுகிறார்கள். உன்னிடமோ போன் இல்லை; அவர் போனை நேற்றிலிருந்து யாரும் எடுக்கவில்லை. இதையே இரண்டு பிரதி எழுதி, ஒன்றை வீட்டுக்கும் ஒன்றைக் கடைக்கும் அனுப்புகிறேன். 

போ.

அக்கா


மார்ச் 29

கதவைத் திறந்தபோது உன் கடிதம் காலில் மிதிபட்டது. மிளகுதான் எடுத்துக் கொடுத்தாள். கையில் சிப்பி நிறைய வைத்திருந்தாள். "பெரியம்மா லெட்டர்" என்றாள்.

அவர் போன் கடல் தண்ணீரில் விழுந்துவிட்டது. அவள்தான் போட்டாள். நாங்கள் மூன்று பேரும் அதற்குச் சிரித்தோம்.

இப்போது வார்டில் இருக்கிறோம். படம் எடுத்துப் பார்த்தார்கள். கட்டி திரும்ப வந்திருக்கிறது. முதுகெலும்புப் பக்கமும் தெரிகிறது. சின்ன டாக்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டரம்மா, "பரவாயில்லம்மா, இப்ப ஆரம்பிக்கலாம்" என்றார். அந்தப் பரவாயில்லையை என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று வாரம், அக்கா. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த மூன்று வாரத்தாலா இது?

"வளரவில்லை" என்று எழுதினாயே, எது வளரவில்லை என்று இன்னும் ஒரு வரி எழுதினால் உன் கை தேய்ந்தா போயிருக்கும்?

இன்னொரு துண்டு எடுத்திருக்கிறார்கள். உனக்குத்தான் அனுப்புகிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.


ஏப்ரல் 10

வாயாடிக்கு,

நான் நலம். நீ திட்டியது சரி.

நீ கேட்டதற்குப் பதில்: தெரியாது. அந்த மூன்று வாரத்தால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தெரியாததைத் தெரியும் என்று நான் யாருக்கும் எழுதியதில்லை. உனக்கு எழுத ஆரம்பித்துப் பார்த்தேன், முடியவில்லை.

துண்டு வந்து சேர்ந்தது. வழியில் ஒருவர் கையோடு எடுத்துவர ஏற்பாடு செய்திருந்தேன். இனி வரும் ஒவ்வொரு வரியையும் உனக்குப் புரியும்படி எழுதப் பார்க்கிறேன். வளர்ந்திருக்கிறது. அதாவது, தட்டில் வளர்ந்திருக்கிறது. மிளகின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை இது சொல்லாது. தட்டின் அடியைப் பிடித்துக்கொண்டு, நீளமான வால் விட்டுக்கொண்டு, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. அழகாக இருக்கின்றன என்று என் மாணவி சொன்னாள். அவளை வெளியே போகச் சொன்னேன். பிறகு நானே போய்க் கூட்டிவந்தேன். அவள் சொன்னது தப்பில்லை. அழகாகத்தான் இருக்கின்றன.

உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. சிவப்பான ஒரு கரைசல்தான் உணவு. தின்று தீர்த்தால் அது மஞ்சளாகிவிடும். அப்போது மாற்றுவோம். நாங்கள் அதைச் "சாப்பாடு போடுவது" என்றுதான் சொல்வோம். மிளகுடையதற்கு வேறு யாரையும் போட விடுவதில்லை. நானே போடுகிறேன்.

அடுத்த வாரம் அந்தப் பொடியை வைத்துப் பார்ப்போம். 

அவளுக்கு வாய்ப்புண் எப்படி இருக்கிறது? நீ தூங்குகிறாயா?

அக்கா


ஏப்ரல் 24

அன்பு பெரியம்மா,

நான் மிளகு எழுதுறேன். பென்சில் கூர் இல்ல. நீங்க நல்லா இருக்கீங்களா. நான் நல்லா இருக்கேன், கால் மட்டும் வலிக்குது.

என் கட்டியை நீங்க உங்க ஆபீஸ்ல வளர்க்கிறீங்களாம். அம்மா சொன்னாங்க. அதுக்கு என்ன சாப்பாடு போடுறீங்க? அது என்னை மாதிரி இருக்குமா? அதுக்கு கண்ணு இருக்கா?

பெரியம்மா, அதுக்கு சாப்பாடு போடாதீங்க. பசியில செத்துடும். எனக்கும் சரியாயிடும்.

ஒரு சிப்பி அனுப்புறேன். உடைஞ்சா திட்டாதீங்க.

மிளகு

(அக்கா, அவள் எழுதியதை நான் திருத்தவில்லை. பொடியை வைத்துப் பார்த்தாயா? இதற்கு என்ன பதில் எழுதப் போகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கேட்கவே பயமாக இருந்ததை அவள் கேட்டுவிட்டாள். உன் கையெழுத்து இப்போதெல்லாம் வரிக்கு வரி கீழே இறங்குகிறது. நலம் என்று எழுதாதே.)


மே 3

மிளகுக்கு,

சிப்பி உடையாமல் வந்தது. என் மேசைமேல் இருக்கிறது. யாரையும் தொட விடவில்லை.

அதற்குக் கண் இல்லை. அது உன்னை மாதிரி இல்லவே இல்லை. உனக்கு அறிவு இருக்கிறது, அதற்கு இல்லை. சிவப்பாக ஒரு தண்ணீர் குடிக்கும். வேறு ஒன்றும் தெரியாது.

நீ சொன்னதை யோசித்தேன். நல்ல யோசனைதான். ஆனால் என்னிடம் இருப்பது உன் கட்டியில் ஒரு துளி. அதைப் பட்டினி போட்டால் அது மட்டும்தான் சாகும். உன் வயிற்றில் இருப்பதற்கு அது தெரியாது. இரண்டும் பேசிக்கொள்வதில்லை. இந்தத் துளிக்குச் சாப்பாடு போட்டு உயிரோடு வைத்திருந்தால்தான், எதைப் போட்டால் மற்றது சாகும் என்று நான் தேட முடியும். அதனால்தான் போடுகிறேன். அதன்மேல் ஆசைப்பட்டு இல்லை.

போடலாமா? நீ சொன்னால்தான் போடுவேன்.

பெரியம்மா


ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

மிளகு போன பிறகு இன்றுதான் பேனாவை எடுக்கிறேன். நடுவில் நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

நீ வந்து நாலு நாள் இருந்தாய். நாலு நாளும் பாத்திரம் கழுவினாய். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாய். வந்தவர்களெல்லாம், "பெரிய படிப்புப் படிச்சவங்க, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல பாரு" என்று என் காதுபடவே பேசினார்கள். நான் உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் ஒன்றும் மடங்கவில்லை. டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்தாய். எவ்வளவு நாளாக இப்படி? பிப்ரவரியில் நீ இரண்டு வரி எழுதியது எதனால் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லியிருக்கலாமே. நான் என் மகளைப் பற்றி எழுதியபோதெல்லாம் நீ நலம் நலம் என்றே எழுதினாய்.

உனக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மே மாதம் உன் கடிதத்தை மிளகுக்குப் படித்துக் காட்டினேன். அப்போது அவளால் உட்கார முடியாது. கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். "சரி, போடட்டும். ஆனா கொஞ்சமா போடச் சொல்லு" என்றாள். உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கே அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பிறகு எதுவும் எழுதவில்லை.

நீ இங்கே இருந்தபோது கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதைக் கேட்கிறேன்.

அது இன்னும் இருக்கிறதா? சாப்பாடு போடுகிறாயா?

பொடியை வைத்துப் பார்த்ததையும் நீ சொல்லவே இல்லை.

அப்புறம் அந்த மூன்று வாரம். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறார். நான் கடல் பக்கம் இருந்து வந்த மீன் லாரியைப் பார்த்தால் தெருவை மாற்றிக்கொள்கிறேன்.

தங்கை


செப்டம்பர் 14

தங்கைக்கு,

நான் நலமாக இல்லை. மூன்று வருஷமாக மூட்டு அழற்சி. முதலில் விரல்கள், பிறகு முழங்கால். பேனா பிடிக்க முடியாத நாட்களில் என் கடிதம் சின்னதாகிவிடும். பிப்ரவரி 21 அப்படி ஒரு நாள். இதை என் மாணவியிடம் சொல்லி எழுத வைத்திருக்கலாம். இதை நானே எழுத வேண்டும் என்று ஒரு வாரமாக எழுதுகிறேன்.

இருக்கிறது. வளர்கிறது. அதாவது தட்டில். சாப்பாடு போடுகிறேன்.

பொடியைப் பற்றி உனக்கு ஏன் எழுதவில்லை என்றால், எழுத முடியவில்லை. சோதனைக்கு எப்போதும் இரண்டு வகைச் செல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். ஒன்று மூட்டு ஜவ்வின் செல், ஒன்று புற்றுநோய்ச் செல். எங்களிடம் இருக்கும் மூட்டுச் செல்களில் ஒன்று என் முழங்காலிலிருந்து எடுத்தது. பெட்டியில் அதே அடுக்கில்தான் மிளகுடையதற்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இடம் அங்கேதான் இருந்தது. வேறு காரணம் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் ஒரே நாளில், ஒரே அளவு பொடி போட்டேன். என்னுடையது நின்றுவிட்டது. அவளுடையது நிற்கவில்லை. அளவைக் கூட்டிப் பார்த்தேன். என்னுடையது செத்து மிதந்தது. அவளுடையது அப்படியே தட்டின் அடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஐம்பதை நெருங்குகிற ஒருத்தியின் முட்டியைக் காப்பாற்றுகிற பொருளை நான் கண்டுபிடித்திருக்கிறேன் என்று உனக்கு எப்படி எழுதுவேன்?

மூன்று வாரத்தைப் பற்றி. ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஏற்றிய மருந்தையும் அந்தச் செல்கள் மேல் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றாக, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து. நிற்கவில்லை. அந்த மருந்துக்கு அது கட்டுப்படுகிற ஜாதி இல்லை. மூன்று வாரம் முந்திக் கொடுத்திருந்தாலும் நின்றிருக்காது. கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனதால் எதுவும் நடந்துவிடவில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அவள் சிப்பி மேசைமேல் இருக்கிறது.

தட்டை என்ன செய்ய வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். உறைய வைத்தால் வேறு பிள்ளைகளுக்கான ஆராய்ச்சிக்கு வருஷக்கணக்கில் இருக்கும். இப்படியே வளர விடலாம். வேண்டாம் என்றால் கரைசலை மாற்றுவதை நிறுத்திவிடுவேன். அதையும் நானே செய்வேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் போடுவேன் என்று சொல்லியிருந்தேன். பதில் வருமுன்பே போட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பிடு. அவர் கேட்பதற்காகவாவது சாப்பிடு.

அக்கா


செப்டம்பர் 27

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்து, ஆள் இல்லாத நேரத்தில் படித்தேன். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். முதல் நாளே ஒரு அம்மா பிள்ளையைக் கூட்டிவந்தாள். அளவுப் பலகையில் காலை வைத்தேன். "வளர்ற கால்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. சரியான அளவையே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாதான், "ஒரு விரல் விட்டுக் குடுங்க, வளர்ற பிள்ளை" என்றாள். மாற்றிக் கொடுத்தேன்.

உன் முட்டியாவது நிற்கட்டும். அதற்காக நீ என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதாதே, எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்தப் பொடியை மனுஷருக்குக் கொடுக்கிற காலம் வந்தால் முதல் ஆளாகப் போய் வாங்கிக்கொள். கை நன்றாக இருந்தால் நாலு பக்கம் எழுதுவாய்.

மூன்று வாரத்தைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தட்டு வேறு, பிள்ளை வேறு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். தட்டில் பார்த்ததை வைத்து என் பிள்ளையைப் பற்றி இப்படி அடித்துச் சொல்கிறவள் நீ இல்லை. தெரியும் என்று எழுதின இடத்தில் உன் கையெழுத்து மட்டும் நேராக இருக்கிறது. எவ்வளவு சிரமப்பட்டு எழுதினாயோ.

பரவாயில்லை. எடுத்துக்கொள்கிறேன். அவருக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிட்டோம்.

பாதியை உறைய வை. வேறு யார் பிள்ளைக்காவது இது எதனால் நிற்கும் என்று பார். மீதியை அப்படியே விடு. நிறுத்தாதே. அவளைக் கொன்றதுதான் அது என்று தெரியும். ஆனால் அவளிடமிருந்து வந்து இன்னும் சூடாக இருப்பதும் அது ஒன்றுதான்.

அவள் சொன்னதை மட்டும் மீறாதே. கொஞ்சமாகப் போடு.

தங்கை